வரக்காப்பியும் பால்காப்பியும்: விரதமும் டயட்டும் எங்கே பிரிகின்றன?

ஐப்பசி மாதம், தீபாவளி முடிந்த கையோடு. தாண்டிக்குடியில் எங்கள் வீட்டு அடுப்படி. வெளியே காப்பிச் செடிகூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. காலை எட்டு மணிக்கு அந்த வீட்டில் மூன்று பேர் சாப்பிடாமல் இருந்தார்கள். அம்மாவுக்குக் கந்த சஷ்டி விரதம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகளுக்குப் 'பதினாறு-எட்டு': முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவள் மறுநாள் பகல் பன்னிரண்டு வரை எதையும் தொடமாட்டாள். அண்ணனுக்கு வத்தலக்குண்டில் சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் மட்டும் திருட்டுப் பூனை மாதிரி மூலையில் நின்று இரண்டு இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

கூத்து காப்பியில்தான் ஆரம்பித்தது. அம்மாவின் விரதத்தில் பால்காப்பி உண்டு. காப்பி சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பது அவர் கட்சி. அண்ணன் மகளுக்குப் பாலும் ஆகாது, சர்க்கரையும் ஆகாது, வரக்காப்பி மட்டும். அண்ணனுக்கு இரண்டுமே கூடாது, பச்சைத் தண்ணீர்தான். ஒரே தோட்டத்துக் கொட்டை, ஒரே டிகாஷன், மூன்று சட்டம்.

"எல்லாம் ஒண்ணுதானே? சோத்தைத் தொடாம இருக்குறதுக்கு ஆளுக்கொரு பேரு" என்று சொல்லிவிட்டு அண்ணன் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார். ஒன்றுதானா? அந்தக் காப்பிச் சட்டத்தைக் கொஞ்சம் கிண்டினாலே விடை கிடைக்கும். பாலும் சர்க்கரையும் ரத்தத்தில் இன்சுலினை ஏற்றும் என்பதால் அண்ணன் மகள் அவற்றை ஒதுக்குகிறாள். அவள் கணக்கு ஒப்பிப்பது இன்சுலினிடம். அண்ணன் கணக்கு ஒப்பிப்பது லேப் இயந்திரத்திடம். 8 மணி நேரம் எதுவும் உள்ளே போகாவிட்டால்தான் அது சொல்லும் எண்ணுக்கு அர்த்தம். அம்மா கணக்கு ஒப்பிப்பது முருகனிடம். முருகனுக்குப் பாலோடு ஒரு தகராறும் கிடையாது. குடம் குடமாகப் பாலில் குளிப்பவர்.

யாரிடம் கணக்கு ஒப்பிக்கிறோம் என்பதை வைத்துத்தான் சாப்பிடாமல் இருப்பதன் வகை பிரிகிறது. தட்டைப் பார்த்தால் எல்லாம் ஒரே காலித் தட்டுதான்.

காலித் தட்டுக்கு எத்தனை பெயர்

'விரதம்' வடசொல். உறுதி, சங்கற்பம் என்று பொருள். சோற்றுக்கும் அதற்கும் கட்டாயத் தொடர்பு இல்லை. பேசாமல் இருப்பதும் விரதம், செருப்புப் போடாமல் நடப்பதும் விரதம். 'உபவாசம்' என்றால் அருகில் இருத்தல். கடவுளுக்கு அருகில் என்று விரித்துச் சொல்வார்கள். 'நோன்பு' நம் சொல். நோல் என்றால் பொறுத்துக்கொள்வது. தமிழ் முஸ்லிம்கள் ரமலானுக்கு இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நோன்பு பிடிப்பார்கள், நோன்பு திறப்பார்கள். பூட்டுச் சாவி போலப் பிடிப்பதும் திறப்பதும் எவ்வளவு அழகு! கத்தோலிக்க வீடுகளில் பழைய தலைமுறை தவக்காலத்தில் 'ஒருசந்தி' இருக்கும். ஒரு வேளை மட்டும் முழுச்சாப்பாடு. இறைச்சியை ஒதுக்குவதற்கு 'சுத்தபோசனம்' என்று தனிப் பெயர்.

'பத்தியம்' வேறு. மருந்து தின்னும் காலத்தில் புளி கூடாது, உப்பு கூடாது, கத்தரிக்காய் கூடாது என்பது. பிள்ளை பெற்றவளுக்கு மலைப்பூண்டைச் சுட்டுக் கொடுப்பதும் பத்தியம்தான். டயட்டுக்குப் பழந்தமிழில் சொந்தக்காரர் யாராவது உண்டென்றால் அது விரதம் அல்ல, பத்தியம்தான்: இரண்டும் உடம்பை மையத்தில் வைக்கின்றன, இரண்டும் எதைத் தின்னலாம் என்று பட்டியல் போடுகின்றன. ஒரு வித்தியாசம், மருந்து முடிந்தால் பத்தியம் முறிந்துவிடும்.

'பட்டினி' தன் விருப்பமில்லாதது. 'உண்ணாவிரதம்' என்று சேர்த்துச் சொன்னால் இப்போது நமக்குப் பந்தலும் மைக்கும்தான் நினைவுக்கு வரும். 'டயட்' கிரேக்கத்திலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. மூலத்தில் அதற்கு வாழும் முறை என்று பொருள். நம் ஊரில் அது சுருங்கி, 'சோறு வேண்டாம், ரெண்டு சப்பாத்தி போதும்' என்பதில் வந்து நிற்கிறது.

தோலுக்கு உள்ளே

மூவரும் மூன்று பேருக்குக் கணக்கு ஒப்பித்தாலும் மூவரின் கல்லீரலும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. இதை எளிதாகப் புரிந்துகொள்ள வீட்டுச் சேமிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்த சில மணி நேரம் ரத்தத்தில் அந்தச் சாப்பாட்டின் சர்க்கரையே ஓடும். கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது சர்க்கரையைச் செல்களுக்குள் அனுப்புகிறது, மிஞ்சியதைச் சேர்த்து வைக்கச் சொல்கிறது. சேர்த்து வைக்க இரண்டு இடம். ஒன்று அஞ்சறைப்பெட்டி மாதிரி, கைக்கெட்டும் தூரத்தில்: கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற பொருளாக ஏறத்தாழ 100 கிராம். தசைகளிலும் கிளைக்கோஜன் உண்டு, ஆனால் அது தசைகளின் சொந்தச் செலவுக்கு, கடன் கொடுக்காது. இன்னொரு இடம் நெல் கொட்டி வைக்கும் குதிர் மாதிரி. அதுதான் கொழுப்பு.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 12 மணி நேரம் போனால் அஞ்சறைப்பெட்டி நன்றாகக் குறைந்திருக்கும். ஒரு நாள் முழுக்க எதுவும் போகாவிட்டால் கிட்டத்தட்டக் காலி. இதற்குள் இன்சுலின் இறங்கி, குளுக்ககான் என்ற எதிர்க்கட்சி ஹார்மோன் ஏறி, அந்தக் குதிரின் வாயைத் திறந்துவிடும். கொழுப்பைக் கரைத்துக் கல்லீரல் கீட்டோன் என்ற எரிபொருளைத் தயாரிக்கும். சர்க்கரைக்குப் பழகிய மூளை இதையும் ஏற்றுக்கொள்ளும்.

"ஒருநாள் உணவை ஒழியென்றால் ஒழியாய், இருநாளுக்கு ஏலென்றால் ஏலாய்" என்று ஔவை வயிற்றைத் திட்டினார். வயிற்றைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் இருநாளுக்கு ஏற்கிற வேலையைத் தோலுக்கடியில் கொழுப்பு சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பசி நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போவதில்லை. கிரெலின் என்ற பசி ஹார்மோன் நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கு எழும்பும். கண்டுகொள்ளாமல் விட்டால் தானே இறங்கும். சஷ்டியின் முதல் இரண்டு நாள் கஷ்டம், மூன்றாம் நாள் பழகிவிடும் என்று அம்மா சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். "முருகன் பார்த்துக்கிறான்" என்பார் அவர். "கீட்டோன், அப்பத்தா" என்பாள் பேத்தி. நான் இரண்டு பேருக்கும் இடையே மாட்டிக்கொண்டு சொல்வது: ராத்திரிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் உள்ளே போகிற விரதத்தில் கீட்டோன் அவ்வளவு ஏறியிருக்காது.

எடை? ஆறு நாளில் இரண்டு கிலோ குறைந்தேன் என்று சிலர் சொல்வார்கள். உண்மையாகவே குறைந்திருக்கும், ஆனால் குறைந்தது பெரும்பாலும் தண்ணீர். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கிறது. அது செலவாகும்போது தண்ணீரும் போகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. தினமும் 800 கலோரி குறைத்துச் சாப்பிட்டால்கூட ஆறு நாளில் கரைவது 600 கிராமைச் சற்றே தாண்டும். ஏழாம் நாள் சோறு போட்டவுடன் தண்ணீர் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும். மாவுச்சத்தை அறவே குறைக்கும் கீட்டோ டயட்டின் முதல் வாரப் பிரமிப்பும் இதே கதைதான்.

மிளகை எண்ணுகிறவர்கள்

கந்த சஷ்டி ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் தொடங்கி ஆறாம் நாள் சூரசம்ஹாரத்தில் முடிகிறது. மறுநாள் திருக்கல்யாணம். பழனியில் காப்புக் கட்டி இருப்பவர்கள் உண்டு. வீட்டிலேயே இருப்பவர்கள் அதிகம். ஒருவர் ஒரு வேளை சாப்பிடுவார், ஒருவர் பாலும் பழமும், ஒருவர் இளநீர் மட்டும். கடுமையானது மிளகு விரதம்: முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏற்றிக்கொண்டு போவது, தண்ணீரோடு. எங்கள் ஊரில் காப்பிக்கு நிழல் தரும் மரத்திலெல்லாம் மிளகுக்கொடி ஏறியிருக்கும். மூட்டை மூட்டையாக மிளகு காயும் முற்றத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அளவுகளை மாற்றி மாற்றிச் சோதிப்பதில் அண்ணன் மகளின் டயட் செயலி இவர்களிடம் பாடம் படிக்க வேண்டும்.

ஒரு விரதத்துக்கு மூன்று அங்கம் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வேண்டுதல் அல்லது நினைவு. ஒரு நாள்கணக்கு, அது பஞ்சாங்கத்தில் இருக்கிறது, நம் இஷ்டத்தில் இல்லை. அப்புறம் முடிக்கிற விதம். மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஏகாதசிக்கு மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயுமாகப் பாரணை. ரமலானில் மக்ரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், பின்னே நோன்புக் கஞ்சி. மாதம் முடிந்தால் பெருநாள். சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் பின்னால் உயிர்த்த ஞாயிறு. தைப்பூசத்துக்கு மாலை போட்டு, செருப்பில்லாமல் நடந்து, ஏறத்தாழ 700 படி ஏறி இறங்கியவர் கையில் ஒரு டப்பா பஞ்சாமிர்தம். விருப்பாச்சி மலைவாழைப்பழம், கரும்புச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம். 2019-இல் இந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. உணவியல் நிபுணர் யாராவது அந்தப் பட்டியலைப் பார்த்தால் மயங்கி விழுவார். ஆனால் அது விரதத்தின் தோல்வி அல்ல, அதன் கடைசிப் பக்கம். ஒடுக்கமும் விருந்தும் ஒரே கயிற்றின் இரண்டு முனை.

டயட்டில் அந்த விருந்துக்கு என்ன பெயர்? 'சீட் டே'. ஏமாற்று நாள். பஞ்சாமிர்தத்தை உரிமையோடு நக்கிச் சாப்பிட்ட வீட்டில் இப்போது அதே பஞ்சாமிர்தத்தைத் திருட்டுத்தனமாகச் சாப்பிட வேண்டியிருக்கிறது. சொல்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் விரதத்துக்கு வக்கீலாகிவிடுவேன். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்ற பழமொழியை 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்று திருப்பி, விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை உண்டாகும் என்று பொருள் சொல்வார்கள். பிள்ளையில்லாத வீட்டில் பட்டினி கிடப்பது பெரும்பாலும் மருமகள்தான், மகன் அல்ல. கணவனுக்காக, பிள்ளைக்காக, அண்ணன் தம்பிக்காக என்று பெண்களின் விரதப் பட்டியல் நீளம். பெண்ணுக்காக ஆண் இருக்கும் விரதத்தை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். சில சாதிகளில் கைம்பெண்கள் ஏகாதசிக்குத் தண்ணீர்கூட இல்லாமல் கிடக்க வைக்கப்பட்டார்கள். அது நோன்பா பட்டினியா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கடைசியாகச் சாப்பிடுகிறவள், மிச்சம் இருந்தால் சாப்பிடுகிறவள், விரத நாளில் மட்டும் 'இன்னைக்கு நான் விரதம்' என்று சொல்லி அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்து உட்கார முடிந்தது என்பதும் உண்மை. அம்மாவே ஒருமுறை சொன்னார்: "விரதம்னா யாரும் என்னை ஏன் சும்மா உக்காந்திருக்கேன்னு கேக்க மாட்டாங்க."

லண்டன் பிரேதத் தொழிலாளியும் பெல்ஜியத்து வானியலாளரும்

எடை குறைப்பதற்காகவே சாப்பாட்டைக் குறைப்பது, அதையும் எழுதிவைத்து ஊருக்குச் சொல்வது என்ற பழக்கத்துக்கு ஒரு பிறந்த நாள் தேடினால் 1863-ஐச் சொல்லலாம். லண்டனில் இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்து தரும் தொழில் நடத்திய வில்லியம் பேன்டிங் என்பவர், குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட முடியாத அளவுக்குப் பருத்திருந்தார். மருத்துவர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் ஒதுக்கி இளைத்தார். அனுபவத்தை ஒரு சிறு நூலாக அச்சிட்டார். அது அப்படிப் பரவி, அவர் பெயரே டயட் இருப்பதற்கு வினைச்சொல்லாகிவிட்டது. ஸ்வீடன் மொழியில் இன்றைக்கும் அந்த வினைதான். 'சோற்றைக் குறை, மாவைக் குறை' என்று இப்போது நமக்கு வரும் புதுச் செய்திகளெல்லாம் அவருடைய பேரப்பிள்ளைகள்.

உணவைக் கலோரியாக எண்ணச் சொல்லிப் பொதுமக்களுக்குப் பழக்கியவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர், 1918-இல். கீட்டோ டயட் 1921-இல் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாகத் தொடங்கியது. கல்யாணத்துக்கு இளைப்பதற்காக அல்ல.

எல்லோர் வாயிலும் இருக்கும் பிஎம்ஐ-க்கு, அதாவது உடல் நிறை குறியீட்டெண்ணுக்கு வருவோம். எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் அதை இருமுறை வகுத்தால் வரும் எண். 1830-களில் இதன் அடிப்படையைக் கண்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் இல்லை. வானியலும் கணிதமும் படித்தவர். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று மக்கள்தொகையை அளந்தாரே தவிர, தனி ஆளுக்கு வைத்தியம் பார்க்க அல்ல. 1972-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸும் கூட்டாளிகளும்தான் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பொதுவாக 25-க்கு மேல் கூடுதல் எடை, 30-க்கு மேல் உடல்பருமன். இந்தியர்களுக்கு அந்தக் கோடு தாழ்வு: 23, 25. காரணம், அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட நமக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதுவும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. கையும் காலும் குச்சியாக, தொந்தி மட்டும் முன்னால் வருகிற உடல்வாகை நம் தெருவிலேயே பார்க்கலாம். ஆகவே எடைக்கருவியைவிட அளவு நாடா நல்ல சாட்சி. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அதே கீஸ் செய்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1944, 45-இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், 36 இளைஞர்கள். சமய நம்பிக்கையாலும் மனசாட்சியாலும் போருக்குப் போக மறுத்தவர்கள். பட்டினியால் வாடும் ஐரோப்பாவுக்கு உதவும் என்று தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம் தினமும் சுமார் 1,570 கலோரி, கூடவே நடையும் வேலையும். உடல் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு போயிற்று. அதைவிட, மனம் மாறிப்போயிற்று. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். 1,570 கலோரி என்பது இன்று பல டயட் அட்டவணைகளில் தாராளமான அளவு.

அண்ணன் மகள் காலை பத்து மணிக்கு, வெறும் வயிற்றோடு, கைபேசியில் பிரியாணி ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் சிரிப்பேன். இந்த ஆய்வைப் படித்த பிறகு சிரிப்பதில்லை. அது அவள் மன உறுதியில் ஓட்டை அல்ல, உடம்பு தன் காவல் வேலையைச் செய்கிறது.

"இளைச்சுட்டியே!"

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு நம் உடம்புப் பார்வை எப்படி மாறியது என்று சொல்லிவிடலாம். நான் விடுதியிலிருந்து வீட்டுக்கு வரும்போது அம்மா வாசலிலேயே "இப்படி இளைச்சுட்டியே!" என்பார். அது துக்க விசாரிப்பு. அடுத்த பத்து நாள் நெய்யும் முட்டையும் வந்து விழும். போன மாதம் அதே வார்த்தையை அண்ணன் மகளிடம் அவள் தோழி தொலைபேசியில் சொன்னாள். இவள் முகம் மலர்ந்து "தேங்க்ஸ்டி" என்றாள். 'உடம்பு வச்சிருக்கு' என்பது ஒரு காலத்தில் புகுந்த வீட்டுக்குக் கொடுத்த நற்சான்று. இன்று அதைச் சொன்னவரோடு பேச்சுவார்த்தை நிற்கும்.

பழைய பார்வை அழகுணர்ச்சியில் மட்டும் பிறந்ததில்லை. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைச் சென்னை மாகாணம் தலைமுறை தலைமுறையாகப் பேசியது. அடுத்த வேளைக்கு உத்தரவாதம் இல்லாத ஊரில் பூசினாற்போன்ற உடம்பு என்பது குதிர் நிறைந்திருக்கிறது என்ற அறிவிப்பு. எங்கள் மலையில் பளியர்கள் காட்டில் தோண்டிய வள்ளிக்கிழங்கும் தேனும் அவர்களுக்கு 'ஆர்கானிக்' இல்லை, அன்றைய சாப்பாடு. 1956-இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் சத்துணவு, 2011-இலிருந்து ரேஷனில் இலவச அரிசி என்று இரண்டு தலைமுறைக்குள் நிலைமை புரண்டது. அரிசி எட்டாத பொருளாக இருந்த வீட்டிலேயே அரிசி எதிரியானது. அம்மா சிறுமியாக இருந்தபோது நெல்லுச்சோறு பண்டிகைக்குத்தான். இன்று பேத்தி அதை ஒதுக்கி வைத்தால் அவருக்கு நெஞ்சு வலிப்பதில் ஆச்சரியமில்லை.

இந்த மலைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஞானப்பழத்துக்கு நடந்த போட்டியில் தொந்தியுள்ள அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொண்டார். ஒல்லித் தம்பி உலகத்தையே சுற்றிவிட்டு வெறுங்கையோடு கோவணம் கட்டிக்கொண்டு மலையேறினார். எங்கள் ஊரிலிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தார், தாண்டிக்குதிதான் தாண்டிக்குடி ஆனது என்று எங்களுக்கு ஒரு பெருமை. இரண்டு உடம்பையும் கும்பிடுகிறோம். பிள்ளையாரிடம் போய்க் கொழுக்கட்டையைக் குறைக்கச் சொன்னவர் யாருமில்லை. ஆண்டியையும் அப்படியே விடவில்லை. சாயரட்சையில் ராஜ அலங்காரம் செய்து அரசனாக்கி விடுகிறார்கள்.

உடம்பைப் பழிக்கிற குரலும் நம்மிடம் உண்டு. ஊத்தைச் சடலம், காற்றடைத்த பை என்றெல்லாம் பாடியவர்கள். உடம்பை வளர்த்தேன் உயிர் வளர்த்தேனே என்று அடியோடு திரும்பிய திருமூலரும் உண்டு. பழனி மூலவரை நவபாஷாணத்தில் செய்தவர் என்று மரபு சொல்லும் போகர், சித்தர் வழி வந்தவர். அந்த வழியில் காயகற்பம் என்று ஒன்று: மூப்பையும் சாவையும் தள்ளிப்போட உடம்பைப் பக்குவப்படுத்துவது. உறக்கத்தை அளந்து, சர்க்கரையை அளந்து, நூறு வயது இருக்கத் திட்டம் போடும் இன்றைய இளைஞர்கள் தங்களை மேற்கத்திய நாகரிகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ அவர்கள் சஷ்டி இருக்கும் பாட்டிக்குத் தூரம், போகருக்குப் பக்கம்.

தராசிலும் இந்த மாற்றம் தெரியும். கோயிலில் துலாபாரம் கொடுக்கும்போது பிள்ளை கனமாக இருந்தால் மகிழ்ச்சி. அத்தனை வெல்லம், அத்தனை வாழைப்பழம் சாமிக்குப் போகும். பிறகு ரயில் நிலையங்களில் வண்ண விளக்குச் சுழலும் எடை இயந்திரம் வந்தது. ஒரு ரூபாய் போட்டால் எடையும் ஜோசியமும் அச்சடித்த அட்டை. நாங்கள் எடையைப் பார்க்காமல் ஜோசியத்தைத்தான் படிப்போம். இப்போது குளியலறைக்குள்ளேயே கண்ணாடித் தராசு. அதில் ஜோசியம் வருவதில்லை. காலையில் அது காட்டும் எண்தான் அன்றைய ஜோசியம்.

நோபல் கொடுத்தார்களாமே?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடா வருடம் வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு செய்தி வரும்: உபவாசம் இருந்தால் உடம்பு தன் கழிவைத் தானே தின்றுவிடும், இதைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசு, நம் முன்னோர் அன்றே சொன்னார்கள். பாதி உண்மை. 2016-இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. செல்கள் தம் பழைய பாகங்களைச் சிதைத்து மறுபடி பயன்படுத்தும் ஆட்டோஃபேஜி எப்படி நடக்கிறது என்று கண்டதற்காக. அவர் பட்டினி போட்டது ஈஸ்டுக்கு. எத்தனை மணி நேர விரதத்தில் மனிதருக்கு எவ்வளவு நன்மை என்று அந்தப் பரிசு எதுவும் சொல்லவில்லை.

பதினாறு-எட்டு பலன் தருகிறதா? தருகிறது, ஆனால் மந்திரத்தால் அல்ல. 2022-இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் உடல்பருமன் உள்ள 139 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு அணிக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. ஒரு அணி மட்டும் காலை எட்டு முதல் மாலை நாலுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து இரு அணியும் இளைத்திருந்தன, எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்காமல் இருக்க அந்த நேரக்கட்டுப்பாடு உதவினால் நல்லதுதான்.

பொருள்களுக்கும் வேடம் மாறியிருக்கிறது. தினையும் தேனும் வள்ளி கொடுத்தது, முருகனுக்குப் படைப்பது. இப்போது தினை 'டயட்' பட்டையோடு பாக்கெட்டில் வருகிறது. நார்ச்சத்து அரிசியைவிட அதிகம், அது நல்ல விஷயம். ஆனால் 100 கிராமில் கலோரி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தினைப் பொங்கலை இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் தினை மன்னிக்காது. பட்டர் ஃப்ரூட் கதை இன்னும் வேடிக்கை. நான் பள்ளிக்கூடம் போன நாளில் அது மரத்தடியில் விழுந்து கிடக்கும். சர்க்கரை போட்டுப் பிசைந்து தின்போம், மிச்சத்தை யாரும் சீந்தமாட்டார்கள். இன்று அதே மரத்துக் காயைப் பறிக்கிறதுக்கு முன்னமே வியாபாரி வந்து நிற்கிறார். அண்ணன் மகள் அதில் உப்பும் மிளகும் தூவி, படம் எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாள்.

யாருக்கு வேண்டாம்

இதில் சுற்றி வளைக்க எதுவுமில்லை. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் விரதமோ டயட்டோ இருக்கக் கூடாது. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், உள்ளே சோறு இருக்காது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம். அந்த நேரத்தில் உடனே சர்க்கரையோ இனிப்போ வாயில் போட வேண்டும். விரதம் முறிந்தால் முறியட்டும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே மெலிந்த முதியவர்கள், சாப்பாட்டோடு மனத்தளவில் போராடிக்கொண்டிருப்பவர்கள், இவர்களுக்கும் வேண்டாம். வயதானவர்களுக்குப் பட்டினியில் கொழுப்போடு தசையும் போகும், போன தசை எளிதில் திரும்பாது. இதை மதங்களே முன்பே சொல்லிவிட்டன: ரமலானில் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு, கத்தோலிக்கத் திருச்சபை ஒருசந்திக் கடமையை 18 முதல் 59 வயது வரைக்கும்தான் வைக்கிறது. செயலிகள் பெரும்பாலும் வயதைக் கேட்டுக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன.

அண்ணனின் ரிப்போர்ட் மறுநாள் வந்தது. எண் நன்றாக இல்லை. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள், திருக்கல்யாணத்தன்று, அம்மா விடிகாலையிலேயே குளித்துவிட்டுச் சமைத்தார். பருப்பு, பூசணிக்காய்ச் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், சர்க்கரைப் பொங்கல். கோயிலில் பூசை முடித்து வந்தபோது மணி பதினொன்றரை. இலை போட்டாயிற்று. அண்ணன் மகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

"உக்காரு தாயி, சாப்பிடலாம்."

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு, அப்பத்தா. நீங்க சாப்பிடுங்க."

அம்மா அவளைப் பார்த்தார். "என் விரதம் நேத்தோட முடிஞ்சுது. உன்னுது என்னைக்கு முடியும்?"

"இதுக்கு முடிவெல்லாம் கிடையாது, அப்பத்தா. இது லைஃப் ஸ்டைல்."

அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்தவர், சோற்றுப் பானையை மூடினார், இரண்டு இலையையும் ஈ மொய்க்காமல் முறத்தால் மறைத்தார். பிறகு பேத்திக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "மணி அடிச்சா சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.